அச்சாரமாய் வைத்த முடி

அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பொண்டாட்டிக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கிற ஆம்பிளை தம்பையா ஒருத்தன்தான். மற்றவர்களெல்லாம் பொண்டாட்டி விடியக் காலையில் பெரட்டுக்கு ஆள் கணக்குக் கொடுக்க ஓடுகிற நேரத்தில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "வெந்நி வச்சியா?" என்று கேட்கிற ரகம். தம்பையா அப்படியில்லை. இருட்டோடு எழுந்து, அடுப்பை ஊதி, இஞ்சி தட்டிப் போட்டு, சீனி தூக்கலாகத் தேத்தண்ணி ஆற்றி இராக்கம்மாவின் கையில் கொடுப்பான். "குடிச்சிட்டுப் போ புள்ள, மலையில குளிரு" என்பான்.

இப்படி ஒரு சங்கதியை வாய்க்குள் வைத்துக்கொண்டு இருக்க முடியுமா? இராக்கம்மா மலை முழுக்கச் சொல்லித் திரிந்தாள். கொழுந்து எடுக்கிற பெண்கள் அவளைச் சும்மா விடவில்லை. "ஒன் புருசன ஒரு கிழமைக்கு எங்க காம்பராவுக்கு அனுப்பு, எங்க வீட்டு ஆளுக்குப் பழக்கிவிடட்டும்" என்று சீண்டினார்கள். அவள் சிரித்துக்கொண்டே அடுத்த நிரைக்குப் போய்விடுவாள். அந்த நாட்களில் அவள் கைக்கு அப்படி ஒரு வேகம். நிறுவையில் அவள் கூடைதான் எப்போதும் முன்னுக்கு. கங்காணி மற்றப் பெண்களைத் திட்டும்போது அவள் பெயரைச் சொல்லித்தான் திட்டினார்.

ராத்திரியில் மட்டும் தூக்கம் வருவதில்லை. நெஞ்சு சும்மா படபடவென்று அடித்துக்கொள்ளும். கண்ணை மூடினால் கை தானாகக் கொழுந்து கிள்ளும். உடம்பும் இளைத்து, ரவிக்கைகளையெல்லாம் பிடித்துத் தைக்க வேண்டியதாகிவிட்டது. "புருசன் அன்புல இளைச்சவளை இப்பத்தான் பாக்கிறோம்" என்றார்கள். அவளுக்கு அதுவும் பெருமையாகத்தான் இருந்தது.

கல்யாணமாகிப் பதினாலு வருசம், பிள்ளை இல்லை. பிள்ளைக்குப் பதிலாக ஒரு தம்பி இருந்தான், சதீஸ்குமார். அம்மா சாகும்போது அவனுக்கு மூன்று வயது. அவனைத் தூக்கிச் சுமந்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, லொறி லைசென்ஸ் எடுக்கவைத்தது வரைக்கும் எல்லாம் இராக்கம்மாதான். தம்பையா தோட்ட வேலையை விட்டுவிட்டுப் பெரகலச் சந்தியில் ஒரு கொழும்பு முதலாளியின் லொறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். எந்த லொறிக்கு எந்த டிரைவர், எந்த மரக்கறி லோட் எங்கே போகவேண்டும் என்பதெல்லாம் அவன் பொறுப்பு. லொறி எத்தனை தடவை ஓடுகிறதோ அத்தனைக்கு அவனுக்கு வரும்படி. அவன்தான் மச்சானுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தான். தம்பி லொறி எடுக்கும்போதெல்லாம் தம்பையாவே பிளாஸ்க் நிறைய இஞ்சித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து அனுப்பினான். இதைவிட நல்ல புருசன் எங்கே கிடைப்பான் என்று இராக்கம்மா கேட்டால், பதில் சொல்ல அந்த லயத்தில் ஆளில்லை.

இரண்டாயிரத்து எட்டாம் வருசம், மாசி மாதம். கொழும்புக்குப் போய்த் திரும்பிய கையோடு இன்னொரு லோட்டை ஏற்றிக்கொண்டு வெல்லவாயப் பக்கம் இறங்கிய தம்பியின் லொறி, பெரகலைக்குக் கீழே ஒரு வளைவில் நேராகப் போய்விட்டது. வளைவில் பழக்கடை போட்டிருந்த றஹீம் நானா அந்த இடத்திலேயே போய்விட்டார். லொறி பள்ளத்தில் சரிந்து மரத்தில் தங்கியது. செய்தி வந்ததும் சந்தியிலிருந்து முதல் ஆளாகப் பள்ளத்தில் இறங்கி, உடைந்த கண்ணாடிக்குள் புகுந்து மச்சானை வெளியே இழுத்தது தம்பையாதான். அவன் கைகால் முழுக்கக் கீறல். அந்தக் கீறல்களுக்கு மஞ்சள் அரைத்துப் பூசும்போது இராக்கம்மா அழுதாள். இந்தக் கையைக் கும்பிட வேண்டும் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது.

பதுளை ஆஸ்பத்திரியில் தம்பிக்கு நினைவில்லை. மண்டையில் வெட்டுக்காயம். தைப்பதற்காகக் காயத்தைச் சுற்றி நர்ஸ் முடியை வழித்தெடுத்தாள். முடி கொத்தாக விழுந்தது. உயிர் ஊசலாடுகிறவனின் முடி ஆள் மிதிக்கிற இடத்தில் கிடக்கலாமா? இராக்கம்மா அதைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து குளித்து, மஞ்சளில் நனைத்த துணியில் ஒரு குத்திக் காசோடு அந்த முடியையும் வைத்து முடிந்து, சாமி படத்தின் ஆணியில் தொங்கவிட்டாள். கதிர்காமத்தானுக்குக் காசு முடிகிறது எல்லோரும் செய்கிற காரியம்தான். முடியைச் சேர்த்து வைத்தது அவளாகச் செய்தது. "முருகா, இத அச்சாரமா வச்சுக்க. மிச்சத்த அவனே உயிரோட வந்து ஒன் வாசல்ல எறக்குவான்" என்று வேண்டிக்கொண்டாள். மொட்டை போடுகிற நேர்த்தியைத் தம்பையாவிடம் சொன்னாள். முடிச்சுக்குள் என்ன இருக்கிறதென்று சொல்லவில்லை. சாமிக்கும் தனக்கும் இடையில் அது இருக்கட்டும் என்று நினைத்தாள்.

முருகன் கைவிடவில்லை. தம்பி கண் விழித்தான், எழுந்து நடந்தான், பங்குனி கடைசியில் வீட்டுக்கு வந்தான். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற நாளில் இராக்கம்மா மருந்து வாங்குகிற வரிசையில் நின்றாள். டாக்டர்களோடு பேசியதெல்லாம் தம்பையாதான். பேச்சு தெரிந்த ஆள் அவன்.

ஆடித் திருவிழாவுக்குத்தான் கதிர்காமம் போவது என்று அவள் நினைத்திருந்தாள். தம்பையா கேட்கவில்லை. "சாமி கடன ஆடி வரைக்கும் தள்ளிப் போடக் கூடாது புள்ள. சித்திரை பொறந்ததும் போயிருவோம்" என்றான். கோயில் வாசலில் வெளியே நின்று பீடி குடிக்கிற மனுசனுக்கு வந்த பக்தியைப் பார்த்து அவளுக்குப் புல்லரித்தது. அவன் நாள் குறித்த அன்று அவள் வீட்டுக்குத் தூரமாகிவிட்டாள்.

"நாலு நாள் பொறுங்க, நானும் வந்துடுறேன்."

"ஒனக்காக லொறி நிக்காது. நானும் அவனும் போயிட்டு வாரோம். நீ ஆடிக்குப் போய் ஒன் முடிச்சச் செலுத்திக்க."

தூரமான உடம்போடு சாமி படத்தையும் தொடக்கூடாது, மஞ்சள் முடிச்சையும் தொடக்கூடாது. தம்பையாவும் அதை எடுத்துக்கொண்டு போகவில்லை, ஒரு குத்திக் காசுதானே என்று விட்டுவிட்டான். இரண்டு பேரும் போய், மாணிக்க கங்கைக் கரையில் தம்பிக்கு மொட்டை போட்டு, முடியை ஆற்றில் விட்டு, பாற்சோறும் திருநீறுமாக வந்து சேர்ந்தார்கள். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு தம்பி இஸ்தோப்புத் திண்ணையில் வந்து நின்றபோது, அவனை மூன்று வயதில் பார்த்தது போலவே இருந்தது. இராக்கம்மா தள்ளி நின்றபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் பொலிஸ் வந்தது. டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு பொட்டலம் மாத்திரை கிடைத்திருந்ததாம். கொழும்பில் சோதித்துப் பார்த்ததில் அது நித்திரை வராமல் அடிக்கிற ஏதோ புது வகைப் போதையாம். மாத்திரை போட்டுக்கொண்டு லொறி ஓட்டி ஆளைக் கொன்றான் என்று வழக்கு. தமிழ்ப் பெடியன், கையில் போதை, செத்தது ஊரில் எல்லோரும் மதித்த மனுசன். யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் இதற்கு மேல் என்ன வேண்டும்? சதீஸ்குமாரை றிமாண்டில் போட்டார்கள்.

"அக்கா, அம்மா மேல சத்தியம், நான் மாத்திரைய கண்ணால கண்டதில்ல" என்று மறியல் வீட்டுக் கம்பிக்குப் பின்னால் நின்று அவன் சொன்னான். "அன்னைக்கு ரோட்டு தண்ணி மாதிரி அலையடிச்சிச்சு. மிச்சம் ஒன்னும் ஞாபகத்துல இல்ல."

அவள் நம்பினாள். அவள் நம்பி என்ன செய்வது, நீதவான் அல்லவா நம்ப வேண்டும்.

ஆடி பிறப்பதற்கு முதல் கிழமை, பதுளையிலிருந்து சட்ட வைத்திய அதிகாரி வரச் சொன்னதாக ஆள் வந்தது. டாக்டர் சிவரூபி யாழ்ப்பாணத்துக்காரி. கண்ணாடி போட்ட, சிரிக்காத முகம். இராக்கம்மா கதவோரமாய் நின்றாள்.

"இருங்கோ அம்மா. நிண்டுகொண்டு கதைக்கிற விசயமில்லை" என்று டாக்டர் கதிரையைக் காட்டினார். "உங்கடை தம்பியின்ரை கேஸிலை ஒரே ஒரு கேள்விதான். அவர் கனகாலமாய் இந்த மாத்திரை பாவிக்கிறவரா, இல்லாட்டி அண்டைக்கு மட்டும் அவருக்குத் தெரியாமல் உள்ளுக்குப் போனதா? இது புது மருந்து. பழைய மருந்தின்ரை அமைப்பைக் கொஞ்சம் மாத்திச் செய்து விக்கிறாங்கள். எங்கடை வழமையான சோதனையிலை பிடிபடாது. இரத்தத்திலை ரெண்டு மூண்டு நாள்தான் நிக்கும். ஆனால் முடியிலை நிக்கும்."

"முடியிலயாங்கம்மா?"

"ஓம். சாப்பிடுறது குடிக்கிறதெல்லாம் இரத்தத்தாலை போய் முடியின்ரை வேரிலை சேரும். முடி மாசத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவிலை வளரும். துண்டு துண்டாய் வெட்டிப் பாத்தால் எந்த மாசம் எடுத்தவர், எந்த மாசம் எடுக்கேல்லை எண்டு சொல்லலாம். அவருக்கு மொட்டை அடிச்சிட்டியள். நெஞ்சு முடிதான் எடுத்து வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினம். அதிலை மருந்து இருக்கு. உடம்பு முடி ஒழுங்காய் வளராது, அதாலை எந்த மாசம் எண்டு சொல்லேலாது. இருக்கு எண்டு மட்டும்தான் சொல்லலாம். அரச தரப்பு அதை வைச்சு, இவர் பழக்கப்பட்டவர் எண்டு சொல்லப் போகுது."

இராக்கம்மா கதிரையின் நுனிக்கு வந்தாள். "எனக்குத் தெரியாதுங்கம்மா. நேத்திக்கடனுங்க. நான்தான் வேண்டிக்கிட்டேன். தெரிஞ்சிருந்தா முருகன்கிட்டத் தவணை கேட்டிருப்பேனே."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தெரியாதெண்டு எப்பிடிச் சொல்லுறியள்? லொறியிலை மாத்திரை கிடைச்சதெண்டு பொலிஸ் அறிவிச்சபடியால், துண்டு வெட்டின அண்டைக்கே நான் வடிவாய்ச் சொன்னனே. விபத்தண்டைக்கு உள்ளுக்குப் போன மருந்து முடியிலை வடிவாய் வெளியிலை வர ரெண்டு மாசமாவது வேணும், அதாலை இப்ப எடுக்கேல்லை. ஒரு மாசம் கழிச்சுக் கூட்டிக்கொண்டு வாங்கோ, அதுவரைக்கும் ஒரு முடியும் வெட்டக் கூடாது எண்டு ரெண்டு தரம் சொன்னனான்."

"யாருகிட்டங்கம்மா?"

"உங்கடை அவரிட்டைத்தான். பொறுப்பான ஆள் எண்டு நினைச்சு அவரிட்டைச் சொன்னனான். பிள்ளையிட்டையே நேரே சொல்லியிருக்க வேணும், அது என்ரை பிழை."

மருந்து வரிசையில் தான் நின்ற நேரம், தம்பையா டாக்டரிடம் தலையாட்டிக்கொண்டு நின்றது, தூரத்திலிருந்து அதைப் பார்த்துப் பூரித்துப் போனது, எல்லாம் ஒவ்வொன்றாக இராக்கம்மாவின் நினைவுக்கு வந்தது. ஒரு மாதம் முடிய முன்னமே அவன் கதிர்காமத்துக்கு அவசரப்பட்டான். அவள் வேண்டிய வேண்டுதலையே கத்தியாக எடுத்துத் தம்பியின் தலையை வழித்துவிட்டானா? சேச்சே, மறந்திருப்பான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். மறக்கிற ஆள் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

"விபத்துக்கு முந்தின முடி ஏதாவது இருக்குமோ?" என்று டாக்டர் கேட்டார். "சீப்பிலை, தலையணையிலை, எங்கையாவது?"

மஞ்சள் முடிச்சு அவள் கண்ணுக்குள் ஆடியது. அது சாமிக்கு வைத்தது. செலுத்தாத நேர்த்தியை அவிழ்த்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே பயமாக இருந்தது. "தேடிப் பாக்கிறேங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது தம்பையா முகம் கழுவிக்கொண்டிருந்தான். அவள் நேராகக் கேட்டாள்.

"முடி வெட்ட வேணாம்னு டாக்டரம்மா ஒங்ககிட்ட சொன்னாங்களாமே?"

அவன் துவாயால் முகத்தைத் துடைத்தான். கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தான். "சொன்னாங்களா? அன்னைக்கு இருந்த கலவரத்துல ஆயிரம் சொன்னாங்க. எது காதுல விழுந்துச்சு? நீதான் நேத்தி நேத்தின்னு அழுதுக்கிட்டு இருந்தே. ஒனக்காகத்தானே கூட்டிப் போனேன். இப்ப அதையும் குத்தமாக்குறியா?"

அவன் குரல் உடைந்தது. அவளுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. கீறல் பட்ட கைகளைப் பார்த்தாள். தன் மேலேயே கோபம் வந்தது.

"வேற என்னா கேட்டாங்க?" என்றான் அவன்.

"பழைய முடி இருக்கான்னு."

"இருக்கா?"

"அது எங்க இருக்கு" என்றாள். பதினாலு வருசத்தில் புருசனிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. ஏன் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

மறுநாள் காலை அவன் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் நின்றாள். "முருகா, அச்சாரத்தத் திருப்பி எடுக்கிறேன். ஒனக்குக் கோவம்னா என் தலையில போடு, அவன் தலையில போடாத" என்று சொல்லி முடிச்சை மடியில் கட்டிக்கொண்டு பதுளை பஸ் ஏறினாள்.

டாக்டர் முடிச்சை அவிழ்க்கவில்லை. சாட்சிக்கு ஒரு பொலிஸ்காரரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, எப்போது, எங்கே, யார் வழித்த முடி என்று கேட்டு எழுதினார். பிறகுதான் அவிழ்த்தார். மஞ்சள் படிந்து, குத்திக் காசின் வட்டம் பதிந்த ஒரு கொத்து முடி. அதைப் பார்த்ததும் சிரிக்காத அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"அம்மா, இது விபத்து நடந்த அண்டைக்கே வெட்டின முடி. அண்டைக்குக் குடிச்ச மருந்து இதிலை வந்திருக்காது. அதுக்கு முந்தின மாசங்கள்தான் இதிலை இருக்கும். இது சுத்தமாய் இருந்தால், அவர் பழக்கப்பட்டவர் இல்லை. விளங்குதோ? ஆனால் ஒண்டு, உங்கடை வீட்டிலை தொங்கின சாமான் எண்டபடியால் உங்கடை முடியும் கொஞ்சம் வேணும். ஒப்பிட்டுப் பாக்கத்தான். நீங்கள் கை வைச்சதிலை ஒண்டும் ஒட்டேல்லை எண்டு காட்ட வேணும்."

"எவ்வளவு வேணும்னாலும் வெட்டிக்கங்க" என்றாள் இராக்கம்மா. கொண்டையை அவிழ்த்துவிட்டாள். இடுப்பு வரைக்கும் விழுந்தது. டாக்டர் பின்மண்டையில் பென்சில் தடிப்புக்கு ஒரு கொத்தைப் பிரித்து, வேர்ப் பக்கத்தில் நூலால் கட்டி, தலையோடு ஒட்ட வெட்டி எடுத்தார். தம்பிக்காகத்தானே என்று அவள் சந்தோசமாகக் குனிந்து கொடுத்தாள்.

அன்று பின்னேரம் தலை சீவும்போது தம்பையா அந்த வெட்டைப் பார்த்துவிட்டான்.

"என்னா இது?"

"டாக்டரம்மா வெட்டுனாங்க. ஒப்பிட்டுப் பாக்கவாம்."

அவன் வெளியே போய்ப் பீடி பற்றவைத்தான். மறுநாளிலிருந்து தேத்தண்ணி நின்றுபோனது. இடுப்பு வலி, எழும்ப முடியவில்லை என்றான். இராக்கம்மா தானே போட்டுக் குடித்தாள். அந்தக் கிழமை அவளுக்கு என்ன வந்ததென்றே தெரியவில்லை. அடித்துப் போட்டதுபோல் தூக்கம். எழுந்தால் கை நடுங்கியது. மலையில் உட்கார்ந்தே விட்டாள். நிறுவையில் கூடை பாதிக்கு இறங்கியது. "கண்ணு பட்டிருச்சு" என்றார்கள் பெண்கள். தம்பையா அவள் பக்கமே வரவில்லை.

முடிவு வர ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. டாக்டர் சிவரூபி இந்த முறை கதவைச் சாத்திவிட்டு அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பியின்ரை முடி சுத்தம். ஒண்டுமில்லை. அவர் பாவிக்கிறவர் இல்லையெண்டு நான் கோட்டிலை ஏறிச் சொல்லுவன்."

இராக்கம்மா கைகூப்பினாள். டாக்டர் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினார்.

"அம்மா, இன்னுமொண்டு கேக்க வேணும். மறைக்காமல் சொல்லுங்கோ. நீங்கள் ஏதாவது மாத்திரை குடிக்கிறனீங்களோ? வேலைக்கு அலுப்பில்லாமல் இருக்க, மெலிய, எதுக்காவது?"

"இல்லைங்களே. தலைவலிச்சாக்கூட வெறும் கொத்தமல்லித் தண்ணிதாங்க."

"அதே மருந்து உங்கடை முடியிலை இருக்கு. தம்பியின்ரை நெஞ்சு முடியிலை இருந்ததை விடக் கூடுதலாய்." டாக்டர் இராக்கம்மாவின் பின்மண்டையில் விரலை வைத்து, மெல்லக் கீழே இழுத்துக் காதுக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தினார். "இங்கையிருந்து இது வரைக்கும் இருக்கு. ஒரு மாசமும் விடாமல். அதுக்குக் கீழை இடுப்பு வரைக்கும் ஒண்டுமில்லை. வெட்டின நாளிலையிருந்து எண்ணிப் பாத்தால், போன தீபாவளிக்குக் கிட்டடியிலை தொடங்கியிருக்கு. அப்ப புதுசாய் என்ன குடிக்கத் தொடங்கினீங்கள்?"

வெளியே மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. இராக்கம்மா தன் முடியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன தீபாவளிக்கு மறுநாள்தான் தம்பையா முதன்முதலாக அடுப்பு ஊதினான். "இனிமே தேத்தண்ணி நான் போடுறேன் புள்ள, நீ கஷ்டப்பட்டது போதும்" என்றான். அன்று அவள் அழுதாள். அழுதுகொண்டே குடித்தாள்.

மலை முழுக்கச் சொல்லித் திரிந்தாளே. முதலில் அவளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறான். எவ்வளவு போட்டால் கை எவ்வளவு ஓடும், தூக்கம் எத்தனை ராத்திரி நிற்கும் என்று அவளை வைத்துப் பழகிவிட்டு, பிறகு தம்பியின் பிளாஸ்கில் போட்டிருக்கிறான்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பெரகலச் சந்திக்குப் போனாள். தம்பையா லொறிக் கொட்டகையில் இன்னொரு டிரைவரிடம் பிளாஸ்க் ஒன்றை நீட்டிக்கொண்டிருந்தான். அவள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அந்த டிரைவர் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டான்.

"எனக்கு எதுக்குங்க குடுத்தீங்க?"

அவன் மறுக்கவில்லை. மறுத்திருந்தாலாவது ஒரு மரியாதை இருந்திருக்கும். "கெடுக்கிறதுக்கா குடுத்தேன்? கை கால் ஒளைச்சல் தெரியாம இருக்கட்டுமேன்னுதான். எத்தனை கிலோ எடுத்தே, நெனச்சுப் பாரு. கங்காணி ஒன்னயத் தலையில தூக்கி வச்சு ஆடுனானே, அது யாரால?"

"தம்பிக்கு?"

"தொடர்ந்து ரெண்டு லோட்டு, கண்ணசந்துறக் கூடாதுன்னு அன்னைக்கு மட்டுந்தான் அவனுக்குப் போட்டேன். அது இப்பிடி ஆவும்னு யாரு கண்டா?"

"பள்ளத்துல எறங்கினது அவனைத் தூக்கவா, பொட்டலத்தச் சீட்டுக்கு அடியில ஒளிச்சு வைக்கவா?"

தம்பையா லொறி டயரைப் பார்த்தான். "ரெண்டுக்கும்தான்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "இந்தா பாரு, அவனுக்கு வயசிருக்கு. கொஞ்ச காலம் உள்ள இருந்துட்டு வந்துருவான். நான் போனா ஒனக்கு யாரு இருக்கா? விடியக் காலையில ஒனக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் குடுக்க யாரு இருக்கா, சொல்லு."

அவன் அதை உண்மையாகவே கேட்டான். அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. அவள் பிளாஸ்கோடு பொலிஸுக்கு நடந்தாள்.

கோர்ட்டில் தம்பையாவின் வக்கீல் அவளைப் பாடாய்ப் படுத்தினார். கூடுதல் கிலோவுக்கு ஆசைப்பட்டு நீயே தெரிந்துதான் குடித்தாய் என்றார். புருசனை மாட்டிவிடத் தம்பியோடு சேர்ந்து கதை கட்டுகிறாய் என்றார். லயத்திலிருந்து வந்த பெண்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இராக்கம்மா சாட்சிக் கூட்டில் நின்று, "குடிச்சேங்க. தெரியாமத்தான் குடிச்சேன். எம்புருசன் போட்டுக் குடுத்த தேத்தண்ணின்னு பெருமையாக் குடிச்சேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். றஹீம் நானாவின் மனைவி முதல் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துத்தான் இராக்கம்மா அதைச் சொன்னாள். தம்பையாவை அவள் பார்க்கவில்லை.

தம்பையா உள்ளே போனான். சதீஸ்குமார் வெளியே வந்தான்.

தம்பி வீட்டுக்கு வந்த முதல் நாள் காலை. அவன் தலையில் முடி திரும்பவும் அடர்த்தியாக வளர்ந்திருந்தது. இராக்கம்மா கொண்டை போடாமல் அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்திருந்தாள். அப்பீல் முடியும் வரைக்கும் அவளுடைய முடியை வெட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த முறை அவளிடமே நேரில் சொல்லியிருந்தார். ஒவ்வொரு நாளும் எண்ணெய் வைத்துச் சீவும்போது, தீபாவளியிலிருந்து ஆடி வரைக்கும் தம்பையா ஆற்றிக் கொடுத்தது அத்தனையும் சீப்போடு அவள் கையில் வந்தது.

தம்பி எழுந்து வந்து அவளைப் பார்த்தான். அடுப்புக்கு முன்னால் குந்தி, விறகைத் தள்ளி, ஊதத் தொடங்கினான். கேத்தலில் தண்ணீர் வைத்தான். இஞ்சி எங்கே என்று தேடினான்.

"என்னாடா பண்ற?"

"நீ ஒக்காருக்கா. நான் போட்டுத் தாரேன் தேத்தண்ணி."

இவன் அவள் வளர்த்த பிள்ளை. இவனுக்காகத்தான் சாமியிடமிருந்து அச்சாரத்தைத் திருப்பி எடுத்தாள். இவன் கையால் கெடுதல் வராது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நெஞ்சு அந்தப் பழைய படபடப்போடு அடிக்கத் தொடங்கியது. எழுந்து போய் அவன் கையிலிருந்து கேத்தலை வாங்கினாள். உள்ளே இருந்த தண்ணீரை வாசலில் ஊற்றினாள்.

"கோச்சுக்காதடா" என்றாள். "எனக்கு நானே போட்டுக்கிறேன்."

பீப்பாயிலிருந்து வேறு தண்ணீர் மொண்டு கேத்தலை அடுப்பில் வைத்தாள். அது கொதிக்கும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள்.